அந்தமான் ட்ரிப்போட கடைசி ரெண்டு மூணு நாள்: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விங்க

பிப்ரவரி கடைசில நானும் எங்க அண்ணியும் ரெண்டு பேரு மட்டும் ஏழு நாள் அந்தமான் போயிட்டு வந்தோம். அண்ணன் வரல, புள்ளைங்களுக்கு பரீட்சை, அவர்தான் பாத்துக்கிட்டார். நாத்தனாரும் அண்ணியும் தனியா ட்ரிப்பான்னு சொந்தக்காரங்க வாயைப் பொளந்ததெல்லாம் தனிக் கதை, அது வேண்டாம். வந்ததுல இருந்து போகப்போற எல்லாரும் என்கிட்ட கேக்குறாங்க, கேட்டதையே கேக்குறாங்க, அதுவும் முக்காவாசி கேள்வி கடைசி நாளுங்களைப் பத்தித்தான். அதனால ஒரே இடத்துல எழுதிட்டேன். முதல் நாலு நாளுக்கு யாரு வேணா பிளான் போட்டுக் குடுப்பாங்க, சொதப்புறது எல்லாம் கடைசிலதான்.

கடைசி ராத்திரி ஹேவ்லாக் தீவுலயே தங்கிடலாமா, இல்ல போர்ட் பிளேர் வந்துடணுமா?

வந்துடுங்க. இதுல மட்டும் நான் யாருக்காகவும் மாத்திச் சொல்ல மாட்டேன். ஹேவ்லாக்ல ஏர்போர்ட் கிடையாது, பக்கத்துல இருக்கிற நீல் தீவுலயும் கிடையாது, ஃபிளைட் எல்லாம் போர்ட் பிளேர்ல இருந்துதான். நடுவுல கடல் இருக்கு, அதைத் தாண்ட போட் மட்டும்தான் வழி, போட் ஓடுறதும் ஓடாததும் காத்தும் அலையும் முடிவு பண்றது. ரோடு பிளாக்னா சுத்திப் போகலாம், கடலை எங்க சுத்துறது.

வர்தா புயல் ஞாபகம் இருக்குல்ல, 2016 டிசம்பர் 12 சென்னையைப் போட்டுத் தாக்குச்சே, அது நம்ம பக்கம் வர்றதுக்கு சில நாள் முன்னாடி அந்தமான்கிட்டதான் காத்தழுத்தமா சுத்திக்கிட்டு இருந்துச்சு. அப்போ ஹேவ்லாக்லயும் நீல்லயும் ஆயிரத்துக்கும் மேல டூரிஸ்ட்டுங்க மாட்டிக்கிட்டாங்க, போட் கிடையாது, கடைசில நேவி கப்பலும் கோஸ்ட் கார்டும் போய்த்தான் கூட்டிட்டு வந்தாங்க. அது ரொம்ப பெரிய கேஸ், ஒத்துக்கிறேன். ஆனா சின்ன அளவுல போட் கேன்சல் ஆகுறதும் நேரம் மாறுறதும் சகஜம், மே மாசத்துல இருந்து மழைக்காலம் முழுக்க இன்னும் ஜாஸ்தி.

காலைல எட்டு மணிக்கு போட், மதியம் ரெண்டு மணிக்கு ஃபிளைட். நடுவுல நிறைய நேரம் இருக்கே?

இதையே நம்பி வந்த ஒரு புதுசா கல்யாணம் ஆன ஜோடியை ஹேவ்லாக் படகுத்துறையில பாத்தோம். எங்க காலை போட்டுதான் அவங்களுக்கும். ஒன்றரை மணி நேரத்துல போய்ச் சேர்ந்துடும்னு சொல்ற பிரைவேட் கேட்டமரான், ஏழரைக்கு வந்து உக்காந்தாச்சு, எட்டே காலுக்கு ஒரு மெசேஜ், 'ஆப்பரேஷனல் காரணம்', போட் மதியத்துக்கு மாத்தியாச்சுன்னு. கவுன்டர்ல கேட்டா ரீஃபண்ட் ஃபார்ம் குடுக்குறாங்க, ஃபிளைட்டுக்கு ஃபார்ம் யார் குடுப்பா. அந்தப் பையன் போன்ல யார் யார்கிட்டயோ பேசுறான், பொண்ணு பெட்டி மேல உக்காந்து கைல இருந்த மருதாணியையே பாத்துக்கிட்டு இருக்கா. எங்க ஃபிளைட் மறுநாள், அதனால எங்களுக்கு நஷ்டம் ஒரு மதியச் சாப்பாடு மட்டும்தான். அண்ணி பைல இருந்த முறுக்கு டப்பாவை எடுத்து அந்தப் பொண்ணுகிட்ட நீட்டுனாங்க, அவ ஒண்ணு எடுத்துக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா, சரி விடுங்க.

கவர்மென்ட் போட்டும் இருக்கு, ரெண்டரை மணி நேரம் கிட்ட ஆகும், டிக்கெட் விலை கம்மி, டெக்ல நின்னு காத்து வாங்கலாம். ஆனா அது முதல்ல அந்தத் தீவுல வாழுற ஜனங்களுக்கான போட், கடைசி நேரத்துல போய் நின்னா நமக்கு சீட் இருக்கும்னு சொல்ல முடியாது.

ஸ்கூபாவை கடைசி நாளைக்கு வச்சுக்கலாமா? ஒரு நல்ல முடிவா இருக்கும்ல?

வேண்டாம். மறுநாள் காலைல ஃபிளைட்னா கண்டிப்பா வேண்டாம். தண்ணிக்கு அடியில அழுத்தத்துல மூச்சு விடும்போது காத்துல இருக்கிற நைட்ரஜன் உடம்புக்குள்ள கரைஞ்சிடும், மேல வந்த பிறகு அது மெதுவாத்தான் வெளிய போகும். அதுக்குள்ள ஃபிளைட் ஏறினா, கேபின்ல அழுத்தம் தரையில இருக்கிறதை விடக் கம்மி, கிட்டத்தட்ட ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலை உச்சில இருக்கிற மாதிரி, அப்போ உள்ள மிச்சம் இருக்கிற நைட்ரஜன் குமிழி குமிழியாக் கிளம்பும். சோடா பாட்டிலைத் திறந்தா பொங்குதே அந்த மாதிரி, உடம்புக்குள்ள. மூட்டுவலில இருந்து பக்கவாதம் வரைக்கும் போகலாம்.

டைவிங்காரங்க வச்சிருக்கிற கணக்கு, ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், ரெண்டு மூணு டைவ் அடிச்சிருந்தா குறைஞ்சது 18. பெரும்பாலும் எல்லாரும் 24 மணி நேரம்னே சொல்லிடுவாங்க, அதையே வச்சுக்கோங்க. நாங்க ஹேவ்லாக் போன மறுநாளே முடிச்சுட்டோம். அண்ணிக்கு நீச்சல் தெரியாது, இன்ஸ்ட்ரக்டர் பின்னாடி பிடிச்சுக்கிட்டே இருப்பார், பயப்பட ஒண்ணும் இல்ல. மேல வந்து அவங்க சொன்ன முதல் வார்த்தை, "மூக்குத்தி இருக்கா பாரு டி."

அப்போ ஸ்நார்க்கெலிங்?

அது மேல மிதக்குறதுதானே, ஃபிளைட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தாராளமா.

கடைசி முழு நாள்ல என்ன பண்றது? பாராதாங் விட்டுப்போச்சு, எலிஃபன்ட் பீச் விட்டுப்போச்சு...

விட்டது விட்டதுதாங்க. பாராதாங் தீவுக்குப் போனா முழு நாள் காலி, விடியக்காலைல ஜிர்காடாங் செக்போஸ்ட் போய் கான்வாய்ல நிக்கணும், ஜாரவா பழங்குடி ஜனங்களோட ரிசர்வ் வழியா வண்டிங்க வரிசையா ஒண்ணா போகும், நடுவுல நிறுத்தக்கூடாது, அந்த ஜனங்களை போட்டோ எடுக்கிறது குற்றம். திரும்பி வரும்போதும் அதே கான்வாய்க்காக நிக்கணும். கடைசி நாளுக்கான விஷயமே இல்ல அது.

நானும் இப்ப இவ்ளோ ஞானியா பேசுறேன், அங்க அப்படி இல்ல. நான் எக்செல் ஷீட் போட்டு வச்சிருந்தேன், ஹேவ்லாக்ல கடைசி நாளைக்கு விடியக்காலை காலாபத்தர் பீச்ல சன்ரைஸ், பத்து மணிக்கு எலிஃபன்ட் பீச், சாயங்காலம் ராதாநகர் பீச், நடுவுல ஒரு கஃபே வேற. முந்தின நாள் ராத்திரி அண்ணி சொல்லிட்டாங்க, "நாளைக்கு நான் எங்கயும் வரல டி, நீ போயிட்டு வா." எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு, இவ்ளோ காசு போட்டு வந்தது ரூம்ல உக்காரவா அண்ணின்னு கேட்டுட்டேன், அவங்க பதில் பேசல, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டாங்க.

நான் மட்டும் அஞ்சு மணிக்கு ஆட்டோ பிடிச்சு காலாபத்தர் போனேன், சூரியன் வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, நாப்பது போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். திரும்பி வந்து பாத்தா அண்ணி ரூம் முன்னாடி, அஞ்சாம் நம்பர் பீச்ல, பிளாஸ்டிக் சேரைத் தண்ணி பக்கமா திருப்பிப் போட்டு உக்காந்திருக்காங்க. கைல டீ, ஆடை படிஞ்சு போய் இருக்கு. ஆறிப்போச்சே, வேற வாங்கிட்டு வரவான்னு கேட்டேன். "வீட்லயும் தினம் ஆறித்தான் போகுது, அது வேலையில ஆறும். இது சும்மா ஆறுச்சு"ன்னாங்க.

எலிஃபன்ட் பீச் டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணிட்டேன். எங்க அஞ்சாம் நம்பர் பீச்ல கடல் வத்தும்போது தண்ணி ரொம்ப தூரம் உள்ள போயிடும், குளிக்கக்கூட முடியாது, அடியில இருக்கிற கல்லும் பாசியும் தெரியும், அதனால நிறைய பேருக்கு அது பிடிக்காது. ஒரு பச்சை கலர் டோங்கி, மரப் படகு, தரையில ஒருக்களிச்சுப் படுத்திருந்துச்சு. ஏத்தம் ஆரம்பிச்சு தண்ணி முதல்ல சின்னச் சின்ன குட்டையா வந்து, குட்டை எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து, படகோட அடியைத் தொட்டு, அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்கல, நாங்களும் ஊர்க்கதை எல்லாம் பேசி முடிச்சுட்டோம், சாப்பாட்டு நேரத்துக்கு அந்தப் படகு ஒரு குலுக்கு குலுக்கி நிமிர்ந்து நின்னுச்சு. ரெண்டு பேரும் கை தட்டிட்டோம். ஏழு நாள்ல நான் பாத்ததுலயே எனக்கு ஞாபகத்துல சுத்தமா இருக்கிறது அதுதான், அதுக்கு ஒரு போட்டோகூட இல்ல.

அதனால என் பதில், கடைசி முழு நாளைக்கு புதுசா எதையும் போடாதீங்க. பிடிச்ச இடத்துக்கே ரெண்டாவது தடவை போங்க, இல்ல போகாம இருங்க.

ராதாநகர்ல சன்செட் எத்தனை மணிக்கு?

நம்ம ஊர் நினைப்புல ஆறு மணிக்குப் போனா இருட்டைத்தான் பாப்பீங்க. அந்தமான் நமக்கு எவ்வளவோ கிழக்குல இருக்கு, ஆனா கடிகாரம் அதே இந்திய நேரம்தான், அதனால எல்லாமே முக்கா மணி நேரம் முன்னாடியே நடக்கும். பிப்ரவரி கடைசில அஞ்சரைக்கெல்லாம் சூரியன் இறங்கிடுச்சு, டிசம்பர்ல அஞ்சு மணிக்கே. மூணரைக்கு அங்க இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, சூரியன் முழுகின நிமிஷமே கூட்டம் செல்ஃபி எல்லாம் முடிஞ்சு எழுந்து ஆட்டோவுக்கு ஓடும். ஓடாதீங்க, அதுக்கு அப்புறம் ஒரு பதினஞ்சு நிமிஷம்தான் வானம் நிஜமாவே கலர் மாறும். உங்க ஆட்டோக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க. ஆனா இருட்டின பிறகு தண்ணில இறங்காதீங்க, அந்தத் தீவுங்கள்ல கடல் முதலை உண்டு, 2010-ல ராதாநகர் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பொண்ணை முதலை அடிச்சிருக்கு. போர்டு போட்டிருப்பாங்க, லைஃப் கார்டு விசில் அடிச்சா வெளிய வந்துடுங்க, அவர்கிட்ட சண்டைக்கு நிக்காதீங்க.

ராத்திரி கடல் மின்னும்னு சொல்றாங்களே?

மின்னும், கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க, தண்ணி கலங்கினா நீலமா ஒளி விடும். ஆனா நிலா வெளிச்சம் இருந்தா தெரியாது. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தினசரி காலண்டரைப் பாத்து அமாவாசையை ஒட்டிப் போடுங்க, ஜோசியத்துக்கு இல்ல, இதுக்கு. நாங்க போனப்போ வளர்பிறை அஷ்டமி, பாதி நிலா தலைக்கு மேல பளபளன்னு, ஒண்ணும் தெரியல, அண்ணி பாதி ராத்திரில நிலா இறங்கின அப்புறம் போய் பாக்கலாம்னாங்க, நான்தான் தூங்கிட்டேன்.

சங்கு, கிளிஞ்சல், பவளத் துண்டு எடுத்துட்டு வரலாமா? கரையில சும்மாதானே கிடக்கு?

கூடாது. பவளம் உயிரோட இருந்தாலும் செத்துக் கிடந்தாலும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, சங்கு வகைங்கள்ல சிலதும் அப்படித்தான். ஏர்போர்ட் ஸ்கேனர்ல தெரிஞ்சுடும், பெட்டியைத் திறக்கச் சொல்லுவாங்க, பொம்பளைங்க துணிமணியை நாலு பேர் முன்னாடி கிளறிக்கிட்டு நிக்கணும். சங்கு சாமான் ஆசையா இருந்தா போர்ட் பிளேர்ல சாகரிகான்னு கவர்மென்ட் எம்போரியம் இருக்கு, வாங்கிட்டு பில்லை பத்திரமா கைப்பைல வச்சுக்கோங்க, பெட்டி அடியில வைக்காதீங்க.

சட்டத்தை விடுங்க, எங்க கதையைக் கேளுங்க. நான் ஒரே ஒரு சின்ன சங்கு, கட்டை விரல் சைஸ், காலியாத்தான் இருந்துச்சு, சத்தியமா பாத்தேன், எடுத்து துப்பட்டா முனையில முடிஞ்சு டேபிள் மேல வச்சுட்டேன். ராத்திரி சரசரன்னு சத்தம், லைட்டைப் போட்டா துப்பட்டா நடந்து போகுது. அண்ணி கட்டில் மேல ஏறி நின்னு எங்க அண்ணன் பேரைச் சொல்லிக் கத்துறாங்க, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இருக்கிற மனுஷன் என்ன பண்ணுவார். உள்ள துறவி நண்டு. அதுக்கு சொந்த ஓடு கிடையாது, காலிச் சங்கைத் தேடித்தான் குடியிருக்கும், வளர வளர பெருசு தேடி வீடு மாறும். நாம ஆளுக்கு ரெண்டு எடுத்துட்டு வந்தா அதுங்க பாட்டில் மூடிக்குள்ள உடம்பை விட்டுக்கிட்டுத் திரியணும். அப்பவே டார்ச் அடிச்சுக்கிட்டுப் போய் கரையில விட்டுட்டு வந்தோம், துறவி திரும்பிக்கூடப் பாக்கல.

கடைசி நாளுங்கள்ல மட்டும் கூட வந்தவங்களோட ஏன் சண்டை வருது?

எல்லாருக்கும் வருதாம், நான் விசாரிச்சுட்டேன். அஞ்சு நாள் ஒரே ரூம், ஒரே பாத்ரூம், வெயில்ல காய்ஞ்ச உடம்பு, தூக்கம் பத்தல. அதுக்கு மேல ஒருத்தருக்கு மனசு ஏற்கனவே வீட்டுக்குப் போயிடும், இன்னொருத்தருக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கேன்னு இருக்கும். நான் எல்லாத்தையும் பாத்துடணும்னு பறந்ததும் அதனாலதான், விட்டுப்போச்சுங்கிற பயம். அண்ணிக்கு அந்தப் பயமே இல்ல, அவங்களுக்கு வந்ததே போதும்.

வழின்னு கேட்டா, ஒரு அரை நாள் தனித்தனியா இருங்க, அதை முன்னாடியே சொல்லி வச்சுக்கோங்க, அப்போ அது கோவமாத் தெரியாது. அப்புறம் போர்ட் பிளேர் வர்ற போட்ல பக்கத்துல பக்கத்துல சீட் வாங்குங்க, அலை அடிச்சு ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாய்ஞ்சுட்டா பேசாம இருக்க முடியாது.

போட்ல வாந்தி வருமா?

வர்றவங்களுக்கு வரும். மாத்திரையை ஏறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும், ஏறி குமட்ட ஆரம்பிச்ச பிறகு போட்டு பிரயோஜனம் இல்ல. நடு சீட்டா பாருங்க, முன்னாடி சீட் துள்ளும். இறங்கின பிறகு ராத்திரி படுத்தா கட்டில் ஆடுற மாதிரியே இருக்கும், அது மூளை இன்னும் கடல் ஆட்டத்துக்கே பழகிப்போய் இருக்கிறதால, ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிடும்.

காசுக் கணக்கை எப்போ தீர்க்கணும்?

தீவுல இருக்கும்போதே, கடைசி ராத்திரிக்கு முந்தின ராத்திரி. ஏர்போர்ட்ல வேண்டாம், வீட்டுக்கு வந்து வேண்டவே வேண்டாம், சொந்தத்துக்குள்ள பாக்கி வச்சா அது வட்டியோட வேற எங்கயோ வெடிக்கும். அண்ணி ஒரு சின்ன நோட்டுல எழுதினாங்க, இளநி வரைக்கும். கையில கேஷ் வச்சுக்கோங்க, ஏடிஎம் கம்மி. 2020 ஆகஸ்ட்ல சென்னைல இருந்து கடலுக்கு அடியில 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்ட பிறகு நெட் எவ்வளவோ தேவலாம், ஜிபே எல்லாம் போகுது, ஆனா போகாத நேரம் பாத்துத்தான் நமக்கு பில் வரும்.

ஈரத் துணி காயவே மாட்டேங்குதே, பேக் பண்றது எப்படி?

கடல் தண்ணில நனைஞ்ச துணி அப்படியே போட்டா காயாது, உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். நல்ல தண்ணில ஒரு அலசு அலசுங்க, ஒரு பக்கெட் போதும், கோடை நெருங்கினா அங்க நல்ல தண்ணிக்குத் தட்டுப்பாடு. ஃபிளைட்டுக்கு முந்தின நாள் மதியத்தோட கடல்ல இறங்குறதை நிறுத்திட்டா இந்தப் பிரச்சனையே இல்ல.

கால் பூரா சிவப்பு சிவப்பா தடிப்பு, கொசுவா?

மணல் ஈ. கடிக்கும்போது தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு உயிர் போகும். சொறியாதீங்க, சொறிஞ்சா புண்ணாகிடும். எனக்கு ஊருக்கு வந்தும் பத்து நாள் இருந்துச்சு.

டிக்கெட்ல ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் த்வீப்னு போட்டிருக்கு, தப்பா புக் பண்ணிட்டேனா?

இல்ல. ஹேவ்லாக் 2018 டிசம்பர்ல ஸ்வராஜ் த்வீப் ஆச்சு, நீல் ஷஹீத் த்வீப், போர்ட் பிளேர் 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம். பேசுறவங்க எல்லாம் பழைய பேரைத்தான் சொல்றாங்க, நானும்தான்.

போர்ட் பிளேர்ல கிடைக்கிற சாயங்காலத்துல எதைப் பாக்கலாம்?

செல்லுலார் ஜெயில். ஒண்ணே ஒண்ணுதான்னா அதுதான். 1906-ல கட்டி முடிச்சது, சக்கரத்துக்கு ஆரக்கால் மாதிரி ஏழு பிரிவு இருந்துச்சு, இப்ப மூணுதான் மிச்சம். ஒரு பிரிவோட முன்பக்கம் அடுத்த பிரிவோட முதுகைத்தான் பாக்கும், ஒரு கைதி இன்னொரு கைதி மூஞ்சியைப் பாத்துடக் கூடாதுன்னே அப்படிக் கட்டியிருக்காங்க. ஏழு நாள் கடலை வேடிக்கை பாத்துட்டு அந்த அறைக்குள்ள போய் நின்னா, மேல கைக்கு எட்டாத உயரத்துல ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். அதே கடல் நடுவுலதான் இருந்திருக்காங்க. அண்ணி உள்ள போய் ரெண்டு நிமிஷம் நின்னுட்டு ஒண்ணும் பேசாம வெளிய வந்துட்டாங்க.

மனசு கனமா இருந்தா வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போங்க. தமிழ் ஆளுங்க அங்க நிறைய, ஆட்டோல ஏறினா இந்தில ஆரம்பிச்சு பாதி வழியில தமிழுக்கு வந்துடுவாங்க. பழைய சிவப்பு இருபது ரூபா நோட்டு வீட்ல இருந்தா எடுத்துட்டுப் போங்க, பின்னாடி தென்னை மரமும் கடலுமா இருக்கே, அது மவுன்ட் ஹேரியட்ல இருந்து தெரியிற நார்த் பே.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லா மணலும் போக எத்தனை நாள் ஆகும்?

பெட்டி சக்கரத்துல இருந்து ஒரு வாரம் வந்துச்சு, செருப்புல இருந்து ரெண்டு வாரம். மணல் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு தெரியும், இது நாங்க எடுத்துட்டு வந்தது இல்ல, அதுவா வந்தது. போன வாரம் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன், சில்லறை தேட அவங்க கைப்பையைக் கவுத்தேன், உள் ஜிப் மூலைல இருந்து அரை ஸ்பூன் மணல் டேபிள் மேல கொட்டுச்சு. துடைக்கத் துணி எடுத்தேன். "இரு டி"ன்னு சொல்லிட்டு, கையால கூட்டி அள்ளி, மறுபடி அதே ஜிப்புக்குள்ள போட்டு மூடிட்டாங்க.